எட்ட நின்றால் ஒலி, கிட்டப் போனால் இலக்கணம்

உலக மொழிகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டுப் பாருங்கள். நடுவயதுக்காரர் பிரெஞ்சு, இத்தாலியம் என்பார். கல்லூரிப் பிள்ளைகள் கொரியம், ஜப்பானியம் என்பார்கள். இந்திப் படப் பாட்டில் ஊறியவர் உருது என்பார். கச்சேரி கேட்டு வளர்ந்தவர் தெலுங்கு என்பார். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: "கேக்க இனிமையா இருக்கும்." அந்த மொழியில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றால் பலர் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

தமிழருக்கு இந்தப் பேச்சில் இயல்பாகவே ஒரு ருசி உண்டு. தமிழ் என்ற சொல்லுக்கே இனிமை என்று பொருள் எழுதி வைத்தது பிங்கல நிகண்டு. பாரதியார் தாம் அறிந்த மொழிகளிலெல்லாம் தமிழையே இனிதென்று பாடினார்; அவரே இன்னொரு பாட்டில் தெலுங்குக்கு அழகு என்ற அடைமொழியைக் கொடுத்தார். ஆனால் அந்த இனிமை மொழிக்குள் இருக்கிறதா, கேட்பவர் காதில் இருக்கிறதா? மொழியியலாளர்கள் இதை ஐம்பது ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். அவர்கள் கண்டதையும், சில மொழிகளை விரும்பிப் போய்ச் சேர்ந்தவர்களின் கதைகளையும், எனக்குப் பிடித்த சில மொழிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலியை வைத்து ஒரு மொழியைப் புகழ்பவர் பெரும்பாலும் அதைப் பேசும் மக்களைப் பற்றிய தம் எண்ணத்தைத்தான் சொல்கிறார். மொழியைப் பற்றிய பேச்சு, அதற்குள் நுழைந்து நாலு வாக்கியம் அமைத்துப் பார்த்த பிறகே தொடங்குகிறது.

காதின் தீர்ப்பு

1974இல் ஹோவர்ட் கைல்ஸ், பீட்டர் ட்ரட்கில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கிரேக்க மொழியில் ஏதென்ஸ் நகரப் பேச்சு உயர்ந்தது, கிரீட் தீவுப் பேச்சு பட்டிக்காட்டுத்தனமானது என்பது கிரேக்கர்களின் எண்ணம். இரண்டையும் கிரேக்கம் அறியாத ஆங்கிலேயர்களுக்குப் போட்டுக் காட்டி எது இனிமை என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஏற்றத்தாழ்வு எதுவும் தெரியவில்லை. எது தலைநகரப் பேச்சு, எது தீவுப் பேச்சு என்ற செய்தி காதில் விழாதபோது இனிமையும் காணாமல் போயிற்று. அழகு ஒலியிலேயே பிறவிக் குணமாக இருந்தால், அது அந்நியருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

2023இல் இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் எழுப்பப்பட்டது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களை உள்ளிட்ட குழு ஒன்று, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு திரைப்படத்தின் மொழிமாற்றங்களை எடுத்துக்கொண்டது. பற்பல மொழிகளில் ஒரே கதை பேசப்படுவதால், ஒப்பிட அதைவிடத் தோதான பொருள் கிடைக்காது. 228 மொழிகளின் ஒலித்துணுக்குகளை ஆங்கிலம், சீனம், அரபு போன்ற மொழிகளைப் பேசும் 820 பேர் கேட்டு, இனிமைக்கு மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு இத்தனை என்று போட்டதில் ஏறக்குறைய எல்லா மொழிகளும் நாற்பதை ஒட்டியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையில் பெரிய தூரமே இல்லை. மதிப்பெண்ணை முக்கியமாகக் கூட்டியது ஒன்று: 'இந்த மொழி எனக்குப் பரிச்சயமானது' என்ற நினைப்பு. அந்த நினைப்பு தவறாக இருந்தாலும், அதாவது ஒரு மொழியை வேறொன்று என்று எண்ணிக்கொண்டவரும்கூட, மதிப்பெண்ணைத் தாராளமாகவே போட்டார்.

பட்டியலின் உச்சியில் வந்த மொழி எது தெரியுமா? பப்புவா நியூ கினியின் டோக் பிசின். ஆங்கிலச் சொற்களை உள்ளூர் இலக்கணத்தில் கோத்துத் தோட்டக் கூலிகளிடையே வளர்ந்த மொழி அது. காலனி ஆட்சிக்காலத்து வெள்ளைக்காரர்கள் அதை உடைந்த ஆங்கிலம் என்று எள்ளி நகையாடினார்கள். வேறுபாடு நூலளவுதான் என்பதால் இந்த முதலிடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பேசுகிறவர் யார் என்று தெரியாதபோது காது எவ்வளவு பாரபட்சமில்லாமல் நடந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அரண்மனையும் கச்சேரி மேடையும்

அப்படியானால் பிரெஞ்சுக்கும் இத்தாலியத்துக்கும் இனிய மொழி என்ற பெயர் எப்படி வந்தது? பிரெஞ்சின் கதையில் மறைவு எதுவும் இல்லை. பெர்லின் அகாடமி, பிரெஞ்சு ஏன் ஐரோப்பாவின் பொதுமொழி ஆயிற்று என்று கட்டுரைப் போட்டியே வைத்தது. அதில் பரிசு பெற்றவர்களில் ஒருவர் ரிவரோல். பிரெஞ்சின் தெளிவே அதற்குக் காரணம் என்று வாதிட்ட அவரது கட்டுரை 1784இல் அச்சாயிற்று. பரிசு கொடுத்தது பிரஷ்யாவின் தலைநகரிலிருந்த ஜெர்மானிய அகாடமி என்பதைக் கவனிக்க வேண்டும். பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் எழுதியதும் பேசியதும் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே. ஜெர்மன் மொழியும் அதன் இலக்கியமும் இன்னும் பக்குவப்படவில்லை என்று 1780இல் ஒரு நூலே எழுதினார். அதையும் பிரெஞ்சில்தான் எழுதினார். அப்போது கதேவின் 'வெர்தர்' நாவல் வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னாளில் ஷூபர்ட்டின் பாடல்களைக் கேட்டவர்களுக்கு ஜெர்மன் உருகும் மொழியாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுவே அதட்டும் மொழி ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் ஜெர்மனின் ஒலிகள் பெரிதாக மாறிவிடவில்லை.

இத்தாலியத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது, அந்த இனிய மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் மக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. நேப்பிள்ஸ்காரர் நேப்பிள்ஸ் பேச்சிலும் வெனிஸ்காரர் வெனிஸ் பேச்சிலும்தான் வாழ்ந்தார். மிலான்காரரான மன்ஸோனி, தம் புகழ்பெற்ற நாவலை எழுதி முடித்துவிட்டு பிளாரன்ஸுக்குப் போனார். அந்த ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, நாவல் முழுவதையும் திருத்தி, 1840 தொடங்கி மறுபடி வெளியிட்டார். பிளாரன்ஸின் ஆர்னோ ஆற்றில் துணியை அலசி வந்ததாக அவர் சொன்னது இதைத்தான்.

ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே இத்தாலியம் ஐரோப்பாவின் பாட்டு மொழியாகிவிட்டிருந்தது. வியன்னாவில் இருந்த மொஸார்ட் 1786இல் 'பிகரோ' இசைநாடகத்துக்கு இசையமைத்தது இத்தாலியத்தில். அதே தலைமுறையில் திருவையாற்றில் தியாகராஜர் (1767–1847) தெலுங்கில் பாடிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர் அரண்மனையில் தெலுங்கு பேசிய நாயக்கர்கள் போய், மராட்டியர்கள் வந்து, அவர்கள் ஆட்சியும் ஆங்கிலேயரிடம் கைமாறிய காலம் அது. சுற்றியிருந்த ஊர் தமிழ் பேசியது. மேடையின் மொழி மட்டும் தெலுங்காகவே நீடித்தது. வியன்னாவில் ஜெர்மானியருக்கு இத்தாலியம் எதுவோ, காவிரிக்கரையில் தமிழருக்குத் தெலுங்கு அதுவாக இருந்தது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு ஒலிக்காரணம் சொல்வார்கள்: சொற்கள் உயிரெழுத்தில் முடிகின்றன, ஆகவே இழுத்துப் பாடத் தோது. தெலுங்கைக் கிழக்கத்திய இத்தாலியம் என்று சொல்வதும் இதை வைத்துத்தான். காரணம் உண்மையே, 'ராமா', 'மனசா' என்று முடியும் சொல்லில் பாடகர் நின்று நிரவலாம், மெய்யில் முடியும் சொல்லில் வாய் மூடிக்கொள்ளும். ஆனால் அதுவே போதுமான காரணம் இல்லை. உயிர் முடிவை அளவுகோலாக வைத்தால் ஹவாய் மொழிக்குத்தான் முதல் மாலை போட வேண்டும். எட்டே மெய்யொலிகள், ஐந்து உயிர்கள், ஒரு சொல்லும் மெய்யில் முடியாது. அந்த மொழியைத்தான் 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றியது. பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1978இல் அரசமைப்பில் இடம் பிடித்து, 1984இல் மழலையர் பள்ளிகள் தொடங்கி, அது மெல்ல மீண்டது. உயிர் முடிவு அதைக் காப்பாற்றவில்லை. ஒலியின் வசதியை அரண்மனையோ மேடையோ சந்தையோ தூக்கிப் பிடிக்கும்போதுதான் அதற்கு இனிமை என்ற பெயர் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 1940களில் தமிழிசை இயக்கம் வந்து, தமிழிலும் பாட முடியுமா என்ற கேள்வியை மேடையில் வைத்தே தீர்த்தது. அதுவரை தமிழ் பாட்டுக்கு ஏற்ற மொழியா என்று ஐயப்பட்ட காதுகள் பிறகு அதே ராகங்களைத் தமிழில் கேட்டுத் தலையாட்டின.

டோல்கினின் எதிர்வாதம்

இதற்கு எதிர்க்கட்சியில் வலுவான ஆள் ஒருவர் உண்டு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கின் தொழிலால் மொழிநூல் பேராசிரியர். பிறந்த வீட்டில் கற்ற மொழி வேறு, ஒருவரின் உள்ளுக்குள் பிறவியிலேயே இருக்கும் ஒலி ருசி வேறு என்பது அவர் கட்சி. சிறுவனாக இருந்தபோது, ஓடும் நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்கள் அவரை ஈர்த்தன. ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது கல்லூரி நூலகத்தில் ஒரு பின்னிஷ் இலக்கண நூல் கையில் கிடைத்தது. அதில் மயங்கிப்போய், படிக்க வேண்டிய கிரேக்க லத்தீன் பாடங்களைக் கோட்டைவிட்டார். 1913இல் தேர்வில் இரண்டாம் வகுப்பே கிடைத்தது. அவர் கற்பனையில் பிறந்த இரண்டு எல்ப் மொழிகளில் ஒன்றுக்குப் பின்னிஷும் மற்றொன்றுக்கு வேல்ஷும் அடித்தளம் ஆயின. 1955இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் அவர் இந்த ருசியை ஒளிக்காமல் பேசினார்.

பின்னிஷுக்கோ வேல்ஷுக்கோ அன்று எந்த அரண்மனையும் இல்லை. வேல்ஸ் மொழியை வேல்ஸ் பள்ளிக்கூடங்களே அடக்கி வைத்திருந்தன. பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஒரு மூலை. ஆகவே பிறர் சொன்ன பெருமையைத் திருப்பிச் சொன்னார் என்று டோல்கினைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் அவர் கையில் கிடைத்தது பின்னிஷ் பாட்டுத் தட்டு அல்ல, இலக்கண நூல். பதினைந்து வேற்றுமைகள், மெய்யொலி மெலிந்து திரியும் விதிகள், உயிருக்கு உயிர் இசையும் முறை ஆகியவற்றோடுதான் அவர் ராத்திரியைக் கழித்தார். எதிர்க்கட்சி என்று நினைத்துக் கூப்பிட்ட ஆள் நம் பக்கமே வந்து உட்கார்கிறார்: அவரது மயக்கம் ஒலியில் தொடங்கினாலும் இலக்கணத்தில்தான் வேரூன்றியது.

எழுத்தின் அழகு

காதுக்கு அடுத்து கண். ஒரு மொழியின் மீது ஆசை எழ, எழுத்து வடிவமே காரணமாவதுண்டு. இதில் என் முதல் ஓட்டு கொரியத்துக்கு. 1443இல் அரசர் செஜோங் 28 எழுத்துகளை வகுத்தார். 1446இல் அவை மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றோடு ஒரு விளக்க நூலும் வந்தது. அது நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததால், எழுத்துகள் ஜன்னல் சட்டத்தைப் பார்த்து வரைந்தவை என்றெல்லாம் ஊகம் உலவியது. 1940இல் ஆண்டோங் பகுதியில் அந்நூலின் படி கிடைத்தபோது உண்மை தெரிந்தது. 'க' ஒலிக்கான எழுத்து, அடிநாக்கு தொண்டையை அடைக்கும் கோலம். 'ந' ஒலிக்கானது, நுனிநாக்கு மேலே எழும்பும் கோலம். 'ம' ஒரு சதுரம், அது வாய். 'ஸ' பல்லின் உரு. அதே இடத்தில் இன்னும் அழுத்திப் பிறக்கும் ஒலிக்கு, அதே எழுத்தில் ஒரு கோடு கூடுதல். நம் தொல்காப்பியம் பிறப்பியலில் எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்று நூற்பாவாகச் சொல்கிறது. கொரிய எழுத்தில் அந்தச் செய்தி வடிவத்திலேயே இருக்கிறது.

செஜோங்குக்கு எதிர்ப்பும் இருந்தது. சொய் மன்ரி என்ற அறிஞர் 1444இல் அரசரிடம் மனுக் கொடுத்தார்: சீன எழுத்தை விடுவது நாகரிகத்தைவிட்டு விலகுவது என்று. மேலோர் பல நூற்றாண்டுகள் சீன எழுத்தையே உயர்வாக வைத்து, இதைப் பெண்களின் எழுத்து என்று ஒதுக்கினார்கள். இன்று அந்த எழுத்துக்குத் தென்கொரியாவில் அக்டோபர் 9 விடுமுறை நாள்.

கொரியம் கற்பவர்கள் பெருகியதற்கு எழுத்து காரணமில்லை. பாட்டும் தொடர்களும்தான் காரணம். அமெரிக்கக் கல்லூரிகளில் 2016க்கும் 2021க்கும் இடையில் பிறமொழி படிப்போர் தொகை ஆறில் ஒரு பங்கு சரிந்தபோது, கொரியம் படிப்போர் தொகை நூற்றுக்கு 38 கூடியது. சென்னைப் பக்கம் கொரிய நிறுவனங்களின் கார் ஆலையும் அதைச் சுற்றிய தொழில்களும் வந்தபின், இங்கே அது வேலைக்கான மொழியாகவும் ஆயிற்று. 'அம்மா', 'அப்பா' இரண்டும் கொரியத்திலும் உண்டு என்று நம் பிள்ளைகள் பூரிப்பது வழக்கம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் இலக்கண நூலே வெளியிட்டார். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்கவில்லை. குழந்தை வாயில் முதலில் வரும் 'ம', 'ப' ஒலிகளைத் தாய் தந்தையருக்குச் சூட்டுவது உலகெங்கும் உள்ள பழக்கம். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா!

அந்த ஜார்ஜியத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொடி படர்ந்தது போன்ற 33 எழுத்துகள்; மூன்று எழுத்து வடிவங்கள் இன்றும் புழக்கத்தில் இருப்பதை 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. கண்ணுக்கு இவ்வளவு நளினம். வாயைத் திறந்தால் வேறு உலகம். 'நீ எங்களை உரிக்கிறாய்' என்பதற்கு ஒரே சொல், அதன் தொடக்கத்தில் எட்டு மெய்கள் வரிசையாக நிற்கும்: 'க்வ்ப்ர்த்ஸ்க்வ்னி'. இனிமைப் பட்டியல் எதிலும் இடம்பெறாத இந்த மொழிக்காக 1978 ஏப்ரல் 14 அன்று திபிலிசி நகரில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சோவியத் குடியரசின் புதிய அரசமைப்பு வரைவில் ஜார்ஜியம் ஆட்சிமொழி என்ற பிரிவு கைவிடப்பட்டிருந்தது. சோவியத் ஆட்சியில் நினைத்தே பார்க்க முடியாதது நடந்தது: அரசு பின்வாங்கி, பிரிவு திரும்ப வந்தது. இன்று அந்த நாள் அங்கே தாய்மொழி நாள். மொழிப் போராட்டம் கண்ட நமக்கு அந்தக் கூட்டத்தின் மனத்தை விளக்க வேண்டியதில்லை. காதுக்குக் கரடாக இருக்கிறதா என்று அவர்களில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

உள்ளே போனால் தெரிவது

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. மொழியின் எந்திரத்தைத் திறந்து பார்க்கும் இன்பம் சொல்லி மாளாதது. துருக்கி மொழியைக் கற்கும் எண்ணமே இல்லாதவருக்கும் அதன் இலக்கணத்தைப் படிப்பது இன்பம் என்று மாக்ஸ் முல்லர் 1861இல் வெளியான தம் சொற்பொழிவுகளில் எழுதினார். ஒரு தமிழருக்கு அந்த இன்பம் இரட்டிப்பு. 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள். 'எவ்லெரிமிஸ்' எங்கள் வீடுகள். 'எவ்லெரிமிஸ்தென்' எங்கள் வீடுகளிலிருந்து. ஒட்டு மேல் ஒட்டு, எதுவும் உருக்குலையாமல் வரிசையில் வருகிறது. முன்சொல்லின் உயிருக்கு ஏற்பப் பின்னொட்டின் உயிரும் மாறிக்கொள்ளும்: வீட்டுக்கு 'லெர்', புத்தகத்துக்கு 'லர்'. வினை கடைசியில் வரும். 'நான் படித்த புத்தகம்' என்பதை ஆங்கிலம் தலைகீழாகத்தான் சொல்ல முடியும். துருக்கி நம்மைப் போலவே படித்ததை முன்னால் வைத்துப் புத்தகத்தைப் பின்னால் வைக்கும்.

இதைவிடச் சுவை ஒன்று உண்டு. 'கெல்தி' என்றால் வந்தான், சொல்பவர் பார்த்திருக்கிறார். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். பார்க்கவில்லை, கேள்விப்பட்டார் அல்லது தடயத்தை வைத்துச் சொல்கிறார். நாம் நாள் முழுக்க ஊர்வம்புக்குப் பயன்படுத்தும் அந்த 'ஆம்' துருக்கியில் வினைமுற்றுக்குள்ளேயே குடியிருக்கிறது. துருக்கிப் பாட்டிகள் 'ஒரே ஒரு ஊரிலே' கதையை இந்த வினைவடிவத்தில்தான் சொல்வார்கள். செய்தியைச் சொல்லும்போதே அதற்குத் தான் எவ்வளவு பொறுப்பு என்பதையும் சொல்லிவிடும் மொழி! இவ்வளவு ஒற்றுமையைக் கண்டு, கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளுக்கும் துருக்கி, பின்னிஷ் போன்றவற்றுக்கும் உறவு இருக்கலாம் என்று கருதினார். அதற்கும் இன்று ஆதரவில்லை. உறவில்லாத இரண்டு மொழிகள் தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தன என்பது எனக்கு இன்னும் வியப்பான செய்தி.

அரபு வேறு வகை. துருக்கி ஒட்டிக்கொண்டே போகும். அரபு மூன்று மெய்களை அசையாமல் நிறுத்திவிட்டு அவற்றுக்கிடையே உயிர்களை மாற்றிப் போடும். க-த-ப என்ற மூன்றும் எழுத்துவேலையைக் குறிக்கும்: 'கிதாப்' புத்தகம், 'காதிப்' எழுதுபவர், 'மக்தப்' எழுதப் படிக்கும் இடம். குழந்தைகள் ஓதப் போகும் இடத்துக்குத் தமிழ் முஸ்லிம்கள் இன்றும் சொல்லும் பெயர் மக்தப். பாடப் புத்தகம் எதுவும் திறக்காமலே இந்த இலக்கணத்தை நாம் கொஞ்சம் அறிந்திருக்கிறோம். தாலுகா ஆபீசில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி, பள்ளிவாசலின் ஜமாத், வெள்ளிக்கிழமை ஜும்மா ஆகிய மூன்றிலும் கூடுதல், கூட்டுதல் என்ற ஒரே வேர்தான் இருக்கிறது. ஜமாபந்தியில் கூடுவது வரிக்கணக்கு, ஜமாத்தில் கூடுவது ஆட்கள், ஜும்மா எல்லாரும் கூடும் நாள். சட்டம் அமலுக்கு வருவதும், அதே ஆபீசில் சிலர் வாங்கும் மாமூலும் ஒரு வேரில் பிறந்த உடன்பிறப்புகள். இரண்டும் செயல், நடைமுறை என்ற பொருளிலிருந்து வந்தவை. ஆட்சிமொழியாக வந்த பாரசீகத்தின் வழியாக இவை தமிழுக்குள் இறங்கின. ஒரு முறை இந்த வேரைக் கண்டுகொண்டவருக்கு அரபு அகராதியின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரிந்தவர் யாராவது எதிர்ப்படுவார்.

எளிமையும் ஒரு கவர்ச்சிதான். 1928 அக்டோபர் 28 அன்று ஜகார்த்தாவில் (அன்றைய பெயர் பத்தாவியா) கூடிய இளைஞர் மாநாடு, எங்கள் ஒற்றுமையின் மொழி இந்தோனேசிய மொழி என்று உறுதி எடுத்தது. அந்தப் பெயரில் அவர்கள் ஏற்றது மலாய். தீவுக்கூட்டத்தின் மிகப்பெரிய இனத்தாரின் மொழி ஜாவானியம். ஆனால் அதில் எதிரே நிற்பவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்பதைப் பொறுத்துச் சொற்களே மாறிவிடும். சரிசமமாக நிற்க விரும்பிய இளைஞர்களுக்கு அது தோதுப்படவில்லை. துறைமுகங்களில் பலரும் பேசிய மலாய்க்கு ஆளையும் எண்ணையும் காட்டும் வினை விகுதிகளும் இல்லை, கால இடைநிலைகளும் இல்லை. பன்மை வேண்டுமென்றால் சொல்லை இரண்டு முறை சொன்னால் போதும். 'கெடாய்' என்று கடையையும் 'காப்பால்' என்று கப்பலையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட மொழி அது. அந்த உறுதிமொழிக்கு நாலு நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, துருக்கி தன் அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியது. ஒரே வாரத்தில் ஒரு தேசம் தன் மொழியையும் இன்னொன்று தன் எழுத்தையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தது.

தேடிப் போனவர்கள்

தேசங்கள் தேர்ந்தெடுப்பது போலத் தனி மனிதர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத்தாளர் போர்ஹெஸ் இளம்வயதில் ஜெனீவாவில் ஹைனேயின் கவிதைகளையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு தனியே ஜெர்மன் கற்றார். ஸ்பானியம் தனக்கு விதியாக வாய்த்தது, ஜெர்மனைத் தானே தேடிப் போனேன் என்ற பொருளில் பிற்காலத்தில் ஒரு கவிதையே எழுதினார். கண்பார்வை போன பிறகு பழைய ஆங்கிலத்தைக் கற்கத் தொடங்கினார். ஜும்பா லாஹிரி வீட்டில் வங்காளி, வெளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர். ஆங்கிலத்தில் புலிட்சர் பரிசு பெற்றபின் 2012இல் ரோமுக்குக் குடிபோய், இத்தாலியத்திலேயே எழுதத் தொடங்கினார். 2015இல் அம்மொழியில் முதல் நூல் வந்தது. அம்மாவும் கேட்காத, வேலைக்கும் தேவைப்படாத மொழி. அதுதான் அவருக்குச் சுதந்திரம்.

அதே இத்தாலியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதிர்த்திசையில் வந்தார். பெஸ்கி என்ற வீரமாமுனிவர் மதத்தைப் பரப்ப வந்தவர்தான். ஆனால் மதத்தைப் பரப்பச் சதுரகராதி தொகுக்க வேண்டியதில்லை, தேம்பாவணி போல ஒரு காப்பியம் பாட வேண்டியதும் இல்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்ட எழுத்தைத் திருத்தியவர் என்று அவரைச் சொல்கிறோம். ஒரு மொழியின் எழுத்தில் எங்கே தடுமாற்றம் வருகிறது என்பது உள்ளே புழங்கியவருக்கே தெரியும். தமிழ் இனிமையானது என்று பாராட்டிவிட்டுப் போன பயணிகள் எத்தனையோ பேர். நாம் நினைவில் வைத்திருப்பது புள்ளியையும் கொம்பையும் பற்றிக் கவலைப்பட்டவரை.

பட்டியலில் இல்லாத மொழி

கடைசியாக, என் விருப்பப் பட்டியலில் நீலகிரியின் தோடர் மொழியை வைக்கிறேன். உதகைக்குச் சுற்றுலா போகிறவர்கள் தோடர்களின் எருமையையும் பூவேலைத் துணியையும் பார்க்கிறார்கள். அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. பேசுவோர் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. திராவிடக் குடும்பத்திலேயே ஒலிவளத்தில் இதற்கு ஈடு சொல்வது கடினம். தமிழில் 'ர', 'ற' வேறுபாட்டையே பேச்சில் தொலைத்துவிட்டோம். தோடர் மொழியில் நாக்கு மூன்று வெவ்வேறு இடங்களில் அதிர்ந்து மூன்று தனித்தனி ரகரங்கள் பிறக்கின்றன. இதை ஆராய லடெபோகெட் போன்ற உலகப் புகழ்பெற்ற ஒலியியலாளர் மலையேறி வந்தார். அவருக்கு முன்பே 1930களில் மொழியியலாளர் எமனோ இங்கே தங்கி இதைக் கற்றார். தோடர்கள் சடங்கிலும் சந்தோஷத்திலும் அந்தந்த நேரத்தில் கட்டும் பாடல்கள் இரட்டை இரட்டையாக அமைந்த தொடர்களால் ஆனவை என்பதை அவர் விளக்கினார். 1971இல் வெளியான அவரது தோடர் பாடல் தொகுப்பு பெரிய நூல். எமனோ எழுதாவிட்டால் அந்தக் கவிதை இலக்கணம் வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது.

இனிமைப் பட்டியல்களின் தீங்கு இங்கேதான் தெரிகிறது. பாரிசையும் ரோமையும் சியோலையும் உச்சியில் வைக்கும் ஆட்டம் வெறும் பொழுதுபோக்குத்தான். ஆனால் அதே மனப்பழக்கம் உள்ளூரில் 'அது என்ன பாஷை, மலைக்காரன் பாஷை' என்று பேச வைக்கிறது. வகுப்பில் பிள்ளையின் வாயை அடைக்கிறது, அடுத்த தலைமுறையை வீட்டிலேயே மொழி மாறச் சொல்கிறது. ஹவாயில் அதுதான் நடந்தது.

ஆகவே பிடித்த மொழி எது என்ற கேள்வியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் சொல்லும் தகுதியைக் கொஞ்சம் கடுமையாக்கச் சொல்வேன். அந்த மொழியில் எந்த விதி உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டால், துருக்கியின் 'மிஷ்' போல, அரபு வேர் போல, ஏதாவது ஒன்றைக் காட்டத் தெரிய வேண்டும். காட்ட முடிந்தவர் எந்த மொழியைச் சொன்னாலும் நம்பலாம். காட்ட முடியாதவர், தாம் விரும்புவது மொழியையா, அதைப் பேசும் ஊரின் செல்வாக்கையா என்று ஒரு தரம் யோசித்துப் பார்ப்பது நல்லது. தமிழ் இனிது என்று சொல்லும் நமக்கும் இதே விதிதான்.